கடற்கரை ஏலத்துக்குக் கைகொடுத்த உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் ஊரவர்களுக்கும், அயலூர்ச் சொந்தங்களுக்கும், கடல் கடந்து இருந்தாலும் அன்று முழுக்க எங்களோடு நின்றவர்களுக்கும் அன்பு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் சனசமூக நிலையம் நடத்திய பழம்பொருள், ஓவிய ஏலம் நல்லபடியாக நிறைவேறியது. பிள்ளைகளின் ஓவிய வகுப்புக்கும், கோவலன் கூத்துப் பழகும் இளையவர்களின் உடுப்புச் செலவுக்கும் என்று சொல்லித்தான் உங்களிடம் வந்தோம். இரண்டுக்கும் போதிய பணம் சேர்ந்திருக்கிறது. இதற்காக ஓடியாடியவர்களை நேரில் கண்டு நன்றி சொல்லத் தொடங்கினோம். ஆனால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டி, "அவருக்குச் சொல்லுங்கோ" என்றார்கள். அதனால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி பொருள் தந்தவர்களுக்கு. இதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்லவேண்டும். வேறு ஊர்களில் பழம்பொருள் ஏலம் என்றால் பரணில் கிடந்ததை இறக்கித் தருவார்கள். வன்னியில் பரண் இருந்த வீடே எத்தனை மிஞ்சியது? இந்தக் கரையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து வழித்துக்கொண்டு போனது. மிஞ்சியவற்றை 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வுகளில் ஒவ்வோர் ஊராக விட்டுவிட்டு வந்தோம். முதலில் கட்டில், அலுமாரி. பிறகு உரல், திருகை. கடைசியில் கையில் ஒரு பையும் பிள்ளையும்தான். பித்தளை, செம்புச் சாமான்களைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு வந்தவர்கள் உண்டு. அடிவளவில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆகவே, இன்று ஒரு வன்னி வீட்டில் ஐம்பது வருடப் பழைய மூக்குப்பேணி (மூக்குவைத்த குவளை) ஒன்று இருக்கிறதென்றால், அதை யாரோ பாடுபட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிக் காப்பாற்றியதை ஊர்ப் பிள்ளைகளுக்கென்று தூக்கித் தந்தீர்கள். இதற்கு ஈடாகச் சொல்ல எங்களிடம் சொல் இல்லை.

ஒரு குத்துவிளக்கைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தென்னையடியில் தாட்டு, மீள்குடியேறியபோது தோண்டி எடுத்த விளக்கு அது. தோண்டும்போது மண்வெட்டி பட்டு, தண்டின் நடுவில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெட்டு விழுந்திருக்கிறது. பச்சை பிடித்திருந்ததைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கொண்டுவந்தார் அந்த அம்மா. எங்கள் பெடியன் ஒருவன் அந்த வெட்டைத் தட்டிச் சரிப்படுத்தித் தரலாமா என்று கேட்டான். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், வாங்குகிறவர்களுக்கு அதன் கதையைச் சொல்லுங்கள் என்றார். சொன்னோம். புதுக்குடியிருப்பில் புதுவீடு கட்டிக் குடிபுகவிருக்கும் ஓர் இளம் தம்பதியர் அதை எடுத்தார்கள். குடிபூரலன்று முதல் விளக்காக அதைத்தான் ஏற்றப்போகிறார்களாம். அம்மாவையும் அழைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ஏலம் கூறிய அண்ணைக்கு. காலையில் தோணிகள் கரைக்கு வரும்போது மீன் கூறி விற்பவர் அவர். ஒலிபெருக்கி வைத்திருந்தோம், அவருக்கு அது தேவைப்படவே இல்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கி, அது எந்த வீட்டிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று முதலில் சொன்னார். அப்புறம்தான் ஆரம்ப விலை. அரிசி அளக்கும் கொத்து, பாக்குவெட்டி, ஓலை வாரும் சத்தகம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி என்று பேரைச் சொல்லிச் சொல்லி அவர் காட்டியபோது முன்வரிசையில் இருந்த சிறுபிள்ளைகள் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு பணம் சேர்ந்த நாளிலும் எனக்கு அதுதான் பெரிய வரவாகப் பட்டது.

அவர் செய்த இன்னொரு காரியத்தை ஊர் மறக்கக் கூடாது. ஓர் ஆச்சி தன் காலஞ்சென்ற கணவரின் தராசைத் தந்திருந்தார். கருவாடு நிறுத்த தராசு. இரும்புக் கோல், பித்தளைத் தட்டு இரண்டு, கிலோ வரமுன்னர் இருந்த றாத்தல் படிக்கற்கள். தட்டுகளின் விளிம்பு உப்புப்பட்டு அரித்திருந்தது. கணவரின் கைபட்டுக் கோலின் நடுப்பகுதி மட்டும் வழுவழுப்பாக இருந்தது. நல்ல விலைக்குப் போயிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பழம்பொருள் சேர்ப்பவர்கள் சிலர் அதற்கென்றே காத்திருந்தார்கள். ஏலம் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஆச்சியின் பேரன் எழுந்து, "ஐந்நூறு" என்றான். பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை. சேர்த்துவைத்த காசு அவ்வளவுதான் என்று பார்த்தாலே தெரிந்தது. அண்ணை கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒருவரும் மேலே கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தவர்களும் கையைத் தூக்கவில்லை. "ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்" என்று ஒரே மூச்சில் சொல்லித் தராசைப் பேரனின் கையில் கொடுத்துவிட்டார். குழுவுக்கு அதனால் பணம் குறைந்ததா என்று யாரும் எங்களிடம் கேட்கவும் இல்லை. அன்று கையைத் தூக்காமல் இருந்த அத்தனை பேருக்கும் நன்றி.

ஏலத்துக்கு வைக்காத பொருட்களைப் பற்றியும் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் அவற்றைக் கொண்டுவந்தவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இலங்கைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது என்று நம்பத்தக்க பொருட்கள் தொல்பொருட்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. அப்படிப்பட்ட எதையும் நாங்கள் ஏலத்துக்கு எடுக்கவில்லை. ஒருவர் தோட்டத்தில் கண்டெடுத்த செப்புக்காசு சிலவற்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் நந்தி, கீழே 'சேது' என்ற எழுத்து. யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசு. விற்க ஆசைப்பட்டிருந்தால் வெளியில் இரகசியமாக விற்றிருக்கலாம். அவரோ விவரத்தைக் கேட்டதும், சரி, முறைப்படி அறிவிக்கிறேன் என்று எங்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். இன்னொரு குடும்பம் பனையோலை ஏட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. பரம்பரையாக வந்த மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்திய நூல். ஏடு விற்கிற பொருள் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்றவை ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் பேணுகின்றன, அவர்களிடம் பேசிப் பாருங்கள் என்று சொன்னோம். வீட்டுக்காரர் ஏட்டைத் திரும்பக் கொண்டுபோனார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பனையோலைக் கடகம் ஏலத்தில் எடுத்துக்கொண்டே போனார். கோவிற் பொருட்களையும், போர்க்காலத்தோடு சம்பந்தப்பட்ட எதையும் எடுப்பதில்லை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தோம். அதை மதித்து நடந்த எல்லோருக்கும் நன்றி.

இனி ஓவியர்கள். பெரும்பாலானவர்கள் இருபது வயதைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள், படத்துக்குச் சட்டம் போடக்கூடக் காசில்லாதவர்கள். இருந்தும் படங்களை இலவசமாகத் தந்தார்கள். நந்திக்கடலில் இறால் பிடிக்கும் ஆட்கள், கரைவலை இழுக்கும் கைகள், பனையோலை வார்ந்துகொண்டிருக்கும் ஒரு கிழவி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தமெடுக்க வரும் ஊர்வலத்தை ஒரு தம்பி வரைந்திருந்தார். அந்தத் தீர்த்தமெடுக்கும் கரை இங்கேதான், கிட்ட. எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீரில் அம்மனுக்கு விளக்கெரிவதை அவர் மஞ்சளைக் கொட்டி வரையவில்லை. இருட்டை நிறைய விட்டு, நடுவில் ஒரு சிறு சுடரை மட்டும் வைத்திருந்தார். வயதான ஒரு ஐயா அந்தப் படத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

ஒட்டுசுட்டான் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கற்சிலைமடுவில் இருந்த நடுகல்லை வரைந்து தந்தார். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததைச் சொல்ல ஆங்கிலேயர் வைத்த கல் அது. தங்கள் வெற்றிக்கு வைத்த கல்லில் அவர்களே எங்கள் மன்னனின் பேரைப் பொறித்துவிட்டார்கள். படத்தில் எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, "பண்டாரவன்னியன்" என்ற சொல் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அன்றைய ஏலத்தில் அதிக விலைக்குப் போனது அந்தப் படம்தான். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் கேட்ட ஒரு குடும்பமும் வவுனியா ஆசிரியர் ஒருவரும் போட்டிபோட்டார்கள். கடைசியில் ஆசிரியர் எடுத்தார். அதைத் தன் பாடசாலை மண்டபத்தில் மாட்டப்போவதாகச் சொன்னதும், கனடாக் குடும்பம் சட்டம் போடும் செலவைத் தாங்களே தருவதாகச் சொல்லி அனுப்பியும்விட்டார்கள்.

கூத்துப் பழக்கும் மூத்த அண்ணாவியார் ஒருவர், தான் கோவலனாக ஆடியபோது வைத்த முடியைத் தந்தார். இலேசான மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டு பதித்த முடி. அதை விற்கவேண்டாம், புது முடி செய்யப் பிள்ளைகளுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று ஏலத்துக்கு வந்தவர்கள்தான் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அதற்கு ஒரு தொகை சேர்த்தும் தந்தார்கள். முடி இப்போது நிலையத்தில் இருக்கிறது.

கடற்றொழிலாளர் சங்கத்து ஐயாமார் தங்கள் வாடிக் கொட்டிலையும் தறப்பாளையும் தந்தார்கள். பங்குத்தந்தை கதிரைகளைத் தந்தார், கோவில் நிர்வாகம் ஜெனறேற்றரைத் தந்தது. பத்து மணிக்கெல்லாம் கச்சான் காற்று எழும்பித் தறப்பாளைத் தூக்கியபோது, ஓவியங்களை நைலோன் கயிற்றால் வாடித் தூண்களில் கட்டிக் காத்த தம்பிமாருக்குத் தனியாகச் சொல்கிறேன்: நீங்கள் இல்லாவிட்டால் பாதிப் படங்கள் கடலுக்குள்தான். மத்தியானம் கூழ் காய்ச்சிய அக்காமார் அனைவருக்கும் நன்றி. ஒடியல் மாவும் நண்டும் மரவள்ளியும் போட்டு அவர்கள் காய்ச்சிய கூழை ஓலைப் பிலாவில் ஊற்றிக் குடித்தவர்கள் பிறகு ஏலத்தில் கூடுதலாகவே கேட்டார்கள் என்பது பொருளாளரின் கணிப்பு. நானும் ஒத்துக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கு முழுவதும் நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஓவிய வகுப்பு ஆவணி மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் நடக்கும், கட்டணம் இல்லை. கூத்துடுப்புத் தைக்கும் வேலை முள்ளியவளைத் தையற்காரர் ஒருவரிடம் கொடுக்கப்பட்டுள்ளது.

ஏலத்தில் எடுத்து இன்னும் கொண்டுபோகாத பொருட்கள் சில எங்களிடம் இருக்கின்றன: ஒரு சாய்மனைக் கதிரை, இரண்டு றங்குப்பெட்டி, திருகைக்கல் ஒன்று. எடுத்தவர்கள் மாலை நான்கு மணிக்குப் பிறகு நிலையத்துக்கு வாருங்கள். திருகைக்கு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தோடு வந்தால் நல்லது, ஏற்றிவிடத் தம்பிமார் நிற்பார்கள்.

நன்றியுடன்,
ஏலக்குழு சார்பில்,
செயலாளர்