கடைசி பெஞ்சில் உட்கார்ந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பெயர் தெரியாமல்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் எங்கள் சபைக்கு வந்தீர்கள். இரவு வேலை முடித்து நேரே வந்திருப்பீர்கள். ஷூ ஓரத்தில் சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. வேதாகமத்தை மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தீர்கள். வாசலில் வரவேற்க நின்றவள் நான்தான். "ஸ்தோத்திரம் அக்கா" என்றீர்கள். "எந்த கம்பெனி? எந்த டார்மிட்டரி?" என்று வேலையையும் தங்கும் தொழிலாளர் விடுதியையும்தான் கேட்டேன். அப்புறம் ஷூவைப் பார்த்தேன். கடைசி பெஞ்சைக் காட்டினேன்.

அழுக்கு உடையில் வரும் ஏழையைத் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள் என்று யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே நடத்திய பாடம்.

கீர்த்தனை பாடும்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்குத் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓட வேண்டும். நீங்களோ கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சரணத்தையும் மனப்பாடமாகப் பாடினீர்கள். சின்ன வயதிலிருந்தே பாடிப் பழகிய குரல் அது. ஆராதனை முடிந்து, கறிபஃப்பும் தேநீரும் வைத்த இடத்தில் நாங்கள் குடும்பம் குடும்பமாக வட்டம் கட்டி நின்றோம். நீங்கள் தூணோரமாக நின்று குடித்தீர்கள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தக் கோப்பை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது, தம்பி.

2020 ஏப்ரலில் கொரோனா பரவி டார்மிட்டரிகளை அடைத்தபோது நாங்களும் சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்பினோம். மனதாரத்தான் செய்தோம். ஆனால் அதற்குக் கேட் வரைக்கும் போனால் போதும். மத்தேயு 25இல் ஆண்டவர் பசியைப் பற்றிச் சொல்லும்போது, "போஜனங்கொடுத்தீர்கள்" என்கிறார். அந்நியனைப் பற்றிச் சொல்லும்போது, "என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்கிறார். கொடுப்பது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு. கொடுத்ததையே சேர்த்துக்கொண்டதாக நான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

இங்கே நாங்கள் மட்டும் யார்? ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில் 1888இல் எழும்பியது, கடல் கடந்து வந்த தமிழர்களுக்காகத்தான். என் தாத்தாவும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஒற்றை டிரங்குப் பெட்டியோடு வந்தவர். முதல் ஞாயிறு சபையில் யாரோ ஒருவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் மீன்குழம்பு ஊற்றினாராம். சாகும்வரை அந்தக் குழம்பைப் பற்றிப் பேசினார். அந்த வீட்டுக்காரர் அவரிடம் கம்பெனியைக் கேட்டிருக்க மாட்டார்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஞாயிறு லீவு எப்போதும் கிடைக்காது என்று தெரியும், கிடைக்கிற வாரம் வாருங்கள். ஷூவோடேயே வாருங்கள். முன்னால் நாலாவது வரிசையில், என் மாமியாருக்குப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது, பக்கத்தில் யாராவது பாடினால் கூடவே பாடுவார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். மழை பெய்தால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலேயே நில்லுங்கள், நான் குடையோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
வாசலில் நின்ற அக்கா