அஞ்சு நாள் ஊசி: செல்விக்கு ஒரு கடிதம்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணாச்சிக்கு ஸ்டெம் செல் கொடுக்க, அவர் தம்பியின் திசு முழுசாகப் பொருந்திவிட்டது என்று படித்ததும் அப்படி ஒரு நிம்மதி. கூடப்பிறந்தவர் ஒருவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான் உண்டு. மதினியிடமும் இதைச் சொல்.

இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் தண்ணீர் வருகிறது, கார் நடவும் முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கொடுப்பதற்கு முன்னால் போடுகிற அஞ்சு நாள் ஊசியில் முதல் மூன்றை ஊரிலேயே போட்டுக்கொண்டு, நெல்லை எக்ஸ்பிரசில் ஏறி சென்னைக்குப் போனால் போதாதா, கடையை அத்தனை நாள் பூட்ட முடியாதே என்று தம்பி கேட்கிறானாம். வேண்டாம் செல்வி. இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

அந்த ஊசி மருந்தின் பெயர் ஃபில்கிராஸ்டிம். நம் உடம்பே சுரக்கிற ஒரு வளர்ச்சிக் காரணியைத்தான் மருந்தாகச் செய்திருக்கிறார்கள். ரத்த அணுக்களை உண்டாக்குகிற ஸ்டெம் செல்கள், எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை விட்டு லேசில் வெளியே வராது, ஓடுகிற ரத்தத்தில் தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கும். இந்த ஊசி போட்டால் மஜ்ஜையில் வெள்ளணுக்கள் பெருகும். அவை விடுகிற நொதிகள், ஸ்டெம் செல்களை அங்கே கட்டிவைத்திருக்கிற பிடியை அறுத்துவிடும். அது ஒரே நாளில் நடக்காது. நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் ரத்தத்தில் ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை உச்சத்துக்கு வரும், அப்புறம் இறங்கிவிடும். அதனால்தான் அஞ்சாம் நாளைக் குறிவைத்து, தினமும் ஒரே நேரத்தில், கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று போடுகிறார்கள். தம்பிக்கு 60 கிலோ என்றால் 600, அதாவது 300 மைக்ரோகிராம் குப்பி இரண்டு. சில ஆஸ்பத்திரிகளில் அதையே பிரித்து காலையில் பாதி, மாலையில் பாதி என்று போடுவார்கள். தினமும் இரண்டு ஊசி என்று பக்கத்து வீட்டார் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும், அதைக் கேட்டுக் குழம்பாதே.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தம்பி ஊசி போட்டுக்கொள்கிற அதே நாட்களில், அண்ணாச்சிக்குக் கடுமையான கீமோ கொடுத்து அவருடைய மஜ்ஜையைக் காலி செய்துகொண்டிருப்பார்கள். அதைத் தொடங்கிவிட்டால் பின்வாங்க முடியாது. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஊரில் கரண்டு போய்க் குப்பி கெட்டாலோ, ரயில் தாமதமாகி ஒரு வேளை தவறினாலோ, அந்தப் பக்கம் ஒருவர் தன் ரத்தத்தைத் தானே உண்டாக்க வழியில்லாமல் படுத்திருப்பார். கடைக்கு யாரையாவது உட்காரவைத்துவிட்டு முதல் ஊசிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து இடுப்பும் முதுகும் குடையும், தலையும் வலிக்கும். மருந்து வேலை செய்வதால் வருகிற வலிதான் அது. பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. வெள்ளணு 40,000, 50,000 என்று ஏறினாலும் பயப்படாதீர்கள், ஊசி நின்றதும் தானே இறங்கும். ஆனால் இடது விலாவுக்குக் கீழேயோ இடது தோளிலோ வலி என்று சொன்னால், ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மண்ணீரல் வீங்கும், மிக அபூர்வமாகக் கிழிவதும் உண்டு. வார்டில் இருந்த வருஷங்களில் நான் பார்த்தது இதுதான்: எல்லோரும் நோயாளியைச் சுற்றியே நிற்பார்கள், கொடுப்பவன் சாப்பிட்டானா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. அவனோடு நீ இரு.

ஸ்டெம் செல் எடுக்கிற அன்று தம்பி நாலிலிருந்து ஆறு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு மீதி மறு கை வழியாகத் திரும்பிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடு மதமதக்கும். உடனே சொல்லிவிட்டால் கால்சியம் கொடுப்பார்கள். போதிய அளவு கிடைக்கவில்லை என்றால் ஆறாம் நாள் இன்னொரு தடவை எடுப்பார்கள்.

இந்த ஊசியால் தம்பிக்குப் பின்னாளில் புற்றுநோய் வருமோ என்று உன் அத்தை அழுததாக எழுதியிருந்தாய். ஊசி போட்டுக் கொடுத்தவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால் நோய் கூடியதாகத் தெரியவில்லை. அத்தையிடம் நானே போனில் பேசுகிறேன்.

ஊசி தொடங்கும் தேதி தெரிந்ததும் எழுது ஏட்டி. அந்த வாரம் நானும் சென்னைக்கு வருகிறேன். நீ அண்ணாச்சி பக்கம் போகவேண்டியிருந்தால், தம்பிக்குத் துணையாக நான் இருக்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா