அடுத்த போன் கால் வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு விட விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

108 ஆம்புலன்ஸ்காரங்க, கேஷுவாலிட்டி நர்ஸுங்க, டாக்டருங்க இவங்க மனசு என்ன ஆகுதுன்னு யாருமே கேக்கறதில்லைங்கற ஆதங்கத்துல எழுதறேன். என் தங்கச்சி வீட்டுக்காரர் 108ல ஈ.எம்.டி., அதாவது வண்டிக்குள்ள பேஷண்ட் கூடவே உக்காந்து வர்றவர்.

ஒரு தடவ ஜிஎஸ்டி ரோட்டுல லாரி அடிச்ச கேஸ், ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பையன், வழி முழுக்க இவர் நெஞ்ச அமுக்கிக்கிட்டே வர்றார், அந்த அம்மா இவர் சட்டைய புடிச்சிக்கிட்டு “கண்ணு முழிச்சிடுவான்ல தம்பி, முழிச்சிடுவான்ல”ன்னு கேட்டுட்டே வர்றாங்க. பையன் பொழைக்கல. வண்டி ஓட்டற பைலட்டும் இவரும் ஸ்ட்ரெச்சர கழுவி முடிக்கறதுக்குள்ள அடுத்த கால், பிரசவ கேஸ், அங்க போய் “ஒண்ணும் பயப்படாதீங்கக்கா”ன்னு தைரியம் சொல்லணும், சொல்லியிருக்கார். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொந்தப் புள்ளைய தூக்கவே இல்ல, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்னு தங்கச்சி அழுவுது.

இதுல அடி உதை வேற. 2020 ஏப்ரல்ல கொரோனாவுல இறந்த டாக்டர அடக்கம் பண்ணப் போன ஆம்புலன்ஸ் மேலயே இந்த சென்னைல கல்லெறிஞ்சாங்க. 2024 நவம்பர்ல கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரில டாக்டர கத்தியால குத்தினாங்க. உடனே செக்யூரிட்டி பத்தி எல்லாரும் பேசினோம், சரிதான், ஆனா மறுநாளும் அதே மாதிரி வார்டுல டூட்டி பாக்க வந்தவங்க எப்படி இருந்தாங்கன்னு கேட்டமா?

மனசு சரியில்லாதவங்க பேசறதுக்கு 14416 டெலிமனஸ் நம்பர் 2022ல இருந்து இருக்கு, எந்நேரமும் பேசலாம், நல்ல விஷயம். ஆனா 12 மணி நேர டூட்டி முடிச்சு வர்றவரு தானா போன எடுத்து எனக்கு மனசு சரியில்லன்னு சொல்லுவாரா? சூப்பர்வைசருக்கு தெரிஞ்சா வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்களோன்னு பயம். 2017 மனநலச் சட்டம் ரகசியம் காக்கணும்னு தெளிவா சொல்லுது, அத வேலை செய்றவங்களுக்கு முதல்ல சொல்லுங்க.

போலீஸுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியோட சேர்ந்து நிறைவாழ்வு பயிற்சின்னு கொண்டு வந்தாங்க, குடும்பத்தையும் அதுல சேர்த்தாங்க. அதே மாதிரி 108, ஃபயர் சர்வீஸ், கேஷுவாலிட்டி, மார்ச்சுவரில வேலை செய்றவங்களுக்கும் வேணும். கொழந்த இறந்த கேஸ், நெறைய பேர் செத்த விபத்துன்னா அந்த வண்டிய கொஞ்ச நேரம் ஆஃப்ல போட்டு பக்கத்து வண்டிய அனுப்புங்க. நடந்தத உடனே ஒப்பிக்கச் சொல்லி நோண்ட வேணாம், அது உதவாதுன்னு உலக சுகாதார அமைப்பே சொல்லுது, டீ வாங்கிக் குடுத்து கூட உக்காந்தாலே போதும். அப்புறம் சில வாரத்துக்கு ஒரு கவுன்சிலர் டூட்டி நேரத்துலயே, சம்பளம் புடிக்காம பாக்கணும், அந்த விவரம் ஆபீஸ் ஃபைலுக்குப் போகக் கூடாது. சுகாதாரத் துறை இத 108 ஒப்பந்தத்துலயே எழுதி வெக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குரோம்பேட்டை, சென்னை-44