போட்டோவைப் பெரிதாக்கும் முன் அசலைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பழைய போட்டோக்களை ஏஐ மூலம் பெரிதாக்குவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு சின்னப் படமானாலும் ஒரே கிளிக்கில் சுவரில் மாட்டும் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அதில் இருந்தது. காரைக்குடியில் 22 வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், படத்தைச் சுருக்குவதும் பெரிதாக்குவதும்தான் என் அன்றாடப் பிழைப்பு. அந்தக் கட்டுரையை நம்பி யாராவது வீட்டில் இருக்கும் அசல் பிரிண்ட்டை அலட்சியமாக விட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஒரு அக்கா வந்தார். அவருடைய அப்பாவுக்கு முதலாம் ஆண்டு திதி, 12க்கு 15 இன்ச் ஃபிரேம் போட வேண்டும். கையில் இருந்தது பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை யாரோ ஸ்கேன் செய்து வாட்ஸாப்பில் அனுப்பிய பிரதி, 413க்கு 531 பிக்சல் (பிக்சல் என்பது படத்தில் உள்ள ஒரு புள்ளி). 12க்கு 15 பிரிண்ட்டை 300 டிபிஐ-யில், அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி வீதம், போட 3600க்கு 4500 பிக்சல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பிரிண்ட்டில் வரும் ஏறத்தாழ 74 பிக்சலுக்கு ஒரு பிக்சல்தான் அந்தப் பிரதியில் உண்மையாக இருக்கிறது, மிச்சம் 73ஐ சாஃப்ட்வேர்தான் போட்டு நிரப்ப வேண்டும். நானும் அவசரத்தில் ஒரு ஏஐ சாஃப்ட்வேரில் விட்டுக் கொடுத்துவிட்டேன். திரையில் பார்த்தபோது கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, எனக்கே சந்தோஷமாக இருந்தது. அந்த அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு தம்பி, ஆனா எங்க அப்பா இல்லையே" என்றார். வாட்ஸாப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. இடது கண்ணுக்குக் கீழே மங்கலாக ஒரு மச்சம் இருந்தது, அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறது. லேசாகத் திறந்திருந்த உதட்டுக்கு நடுவே வரிசையாகப் பல் வைத்திருக்கிறது. அவருக்கோ முன்பல் ஒன்று கிடையாதாம்.

"வீட்டுல பீரோவுல அந்த போட்டோவே இருக்கான்னு பாருங்கக்கா" என்று அனுப்பினேன். ரேஷன் கார்டு கவருக்குள் இருந்து எடுத்து வந்தார். அதை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன், அகலத்தில் மட்டும் 1650 பிக்சலுக்குக் கொஞ்சம் மேலேயே கிடைத்தது, மச்சம் மச்சமாகவே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டேகால் மடங்குக்குள் பெரிதாக்கினால் போதும், அதற்கு ஏஐ எதற்கு, பைக்யூபிக் என்ற சாதாரணப் பழைய கணக்கு முறையே தாராளம். கொஞ்சம் மெத்தென்றுதான் வந்தது. ஆனால் அப்பாவாக வந்தது.

இந்தப் பழைய முறைகளுக்கும் ஏஐ-க்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. நியரஸ்ட் நெய்பர் பக்கத்துப் பிக்சலை அப்படியே காப்பி அடிக்கும், அதனால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். பைலீனியர் சுற்றியுள்ள 4 பிக்சலையும், பைக்யூபிக் 16 பிக்சலையும், லான்சோஸ் 36 பிக்சலையும் பார்த்து நடுவில் என்ன வரும் என்று கணக்குப் போடும். மங்கலாக வரலாம், ஓரத்தில் கோடு விழலாம், ஆனால் இவை கணக்குப் போடுவது அந்தப் படத்தில் இருப்பதை வைத்து மட்டும்தான். ஏஐ அப்படி இல்லை. அது வேறு லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது, உங்கள் அப்பா முகத்தில் தெரியாத இடத்தில் அந்த முகங்களில் பழகியதை வைத்து ஊகித்து நிரப்பும். 2020-ல் பல்ஸ் என்ற சாஃப்ட்வேரில் ஒபாமாவின் கட்டம் கட்டமான சின்னப் படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரர் முகம் வெளியே வந்தது, அப்போது உலகமே அதைப் பற்றிப் பேசியது. 2024-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், ஏஐ கொண்டு தெளிவாக்கிய வீடியோவை நீதிபதி சாட்சியமாக ஏற்கவில்லை. கோர்ட்டில் செல்லாத ஒன்று பூஜை அறைச் சுவரில் மட்டும் எப்படிச் செல்லும்?

மலை, மரம், கட்டடம் என்றால் ஏஐ-யில் பெரிதாக்குவதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை, கல்யாண மண்டப ஃபிளெக்ஸுக்கு நானே செய்கிறேன். இலை ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கட்டுரையில் சுருக்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நிஜத்தில் பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் சுருக்கத்தான் வருகிறார்கள். பெரிதாக்கும் முறையையே சுருக்கவும் பயன்படுத்தலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தப்பு. ஃபோட்டோஷாப் மெனுவிலேயே பைக்யூபிக் ஸ்மூதர் பெரிதாக்க, பைக்யூபிக் ஷார்ப்பர் சுருக்க என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். இமேஜ்மேஜிக் என்ற சாஃப்ட்வேரில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், சுருக்க லான்சோஸ், பெரிதாக்க மிட்செல் என்ற இன்னொரு முறை என்று அதுவே மாற்றிக்கொள்ளும். இந்த மிட்செல் முறையை 1988-ல் டான் மிட்செலுடன் சேர்ந்து கொண்டுவந்தவர் ஐஐடி பம்பாயில் படித்த அருண் நேத்ராவளி. எவ்வளவு மங்கல், எவ்வளவு ஓரக்கோடு இருந்தால் கண் ஏற்கும் என்று ஆட்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டே முடிவு செய்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம்.

எங்கள் ஊர் கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள், சின்னச் சின்னக் கட்டம், பட்டை பார்டர். 6000 பிக்சல் அகலத்தில் எடுத்த படத்தை 1200-க்குக் கொண்டுவரும்போது 25 பிக்சல் ஒன்றாக வேண்டும். வெறும் பைலீனியர் அதில் 4-ஐ மட்டும் பார்த்துவிட்டு 21-ஐத் தள்ளிவிடும், அதனால் கட்டம் இருக்கும் இடத்தில் தண்ணீரில் அலை போவது மாதிரி இல்லாத கோடெல்லாம் ஓடும். சேலை விற்கும் ஒரு பெண் வாடிக்கையாளர்கள் "டிசைன் வேற மாதிரி வந்திருக்கு"ன்னு திருப்பி அனுப்புவதாகச் சொல்லி அழுதார், பார்த்தால் சேலையில் ஒன்றும் இல்லை, படத்தைச் சுருக்கியதில் வந்த வினை. இர்ஃபான்வியூ என்ற சாஃப்ட்வேரில் லான்சோஸ் தேர்ந்தெடுத்துச் சுருக்கிக் காட்டினேன், சேலையின் கட்டம் அப்படியே நின்றது. லான்சோஸிலும் ஒரு குறை உண்டு, பிள்ளையார்பட்டி கோபுரத்தை வானத்தோடு எடுத்துச் சுருக்கினால் கோபுர ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும், அந்த மாதிரிப் படத்துக்கு மிட்செல் நல்லது.

ராத்திரிப் படத்தில் இன்னொன்று. கொப்புடையம்மன் கோயில் திருவிழாவில் எடுத்த சீரியல் லைட்டுப் படத்தைச் சுருக்கினால் லைட்டெல்லாம் மங்கிப்போகும். கறுப்பு 0, வெள்ளை 255, இரண்டையும் கலந்தால் பாதி 128 என்று பல சாஃப்ட்வேர்கள் கணக்குப் போடுகின்றன. பாதி வெளிச்சம் என்பது நிஜத்தில் 188 பக்கம் வரும். முதலில் லீனியருக்கு, அதாவது எண்ணும் வெளிச்சமும் ஒரே விகிதத்தில் கூடும் கணக்குக்கு, மாற்றிச் சுருக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் லைட் லைட்டாக இருக்கும்.

அப்புறம் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள். வங்கித் தேர்வுக்கு போட்டோ 200க்கு 230 பிக்சல், 20-லிருந்து 50 கேபி, கையெழுத்து 140க்கு 60 பிக்சல் என்று கேட்கிறார்கள். பிக்சலைக் குறைக்காமல் ஜேபெக் ஃபைலைச் சேமிக்கும் தரத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கி 50 கேபி-க்குள் திணித்தால் முகம் முழுக்க 8க்கு 8 கட்டமாக உடையும். முதலில் பிக்சலைக் குறையுங்கள், அதன் பிறகு கேபி-யைப் பாருங்கள், பெரும்பாலும் தரத்தைத் தொடவே வேண்டியிருக்காது. கையெழுத்தை நியரஸ்ட் நெய்பரில் சுருக்கவே சுருக்காதீர்கள், மெல்லிய பேனாக் கோடு அங்கங்கே அறுந்து, பாதிக் கையெழுத்துதான் போய்ச் சேரும். ஏற்கெனவே சுருக்கிய படத்தை மறுபடி சுருக்காமல் ஒவ்வொரு தடவையும் அசலில் இருந்தே ஆரம்பியுங்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் பத்திரிகையில் நினைவஞ்சலிப் படமோ பழைய தலைவர்கள் படமோ ஏஐ-யில் பெரிதாக்கிப் போட்டால், படத்துக்குக் கீழே அதை ஒரு வரி சொல்லுங்கள். நினைவஞ்சலி விளம்பரம் வாங்கும் ஏஜென்ட்டுகளிடம், வாட்ஸாப் படத்தை வாங்கிக்கொள்ளும் முன் "பிரிண்ட் இருக்கா" என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் நாலு தலைமுறைப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும், கண்ணாடிக்குப் பின்னால் கறையான் ஏறுவதற்குள் அவற்றை நல்ல ஸ்கேனரில் வைத்து எடுத்துவிட வேண்டும். யாராவது கொண்டுவந்தால் ஸ்கேனுக்கு நான் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
காரைக்குடி.