வாசலோடு திரும்பும் வருகைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கும் திட்டங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்ற கணக்கே முன்னால் வந்து நிற்கிறது. பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்ற செவிலியர் என்ற முறையில், ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுவதாக ஒரு பெண் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் சொல்லிவந்தார். ஹீமோகுளோபினோ இரத்தசோகையின் எல்லையான 11 கிராமுக்குக் கீழேயே நின்றது. என் மூன்றாவது வருகையில், அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகுதான், அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். மலம் கறுப்பாகப் போனதைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டாராம். அது அந்த மாத்திரையால் வரும் சாதாரண மாற்றம்தான் என்று விளக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இரத்த அழுத்தத்தையும் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்காரவைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கையை இதய மட்டத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு 140/90 என்ற அளவு தெரிந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டிய நிலையில், வாசலில் நின்றபடியே எடுத்த அளவை நம்பி எப்படி முடிவெடுப்பது?

வீட்டு வருகை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் எல்மைரா நகரில் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் இறுதியில் தொடங்கிய ஆய்வில், செவிலியர்கள் தொடர்ந்து சென்று பார்த்த கர்ப்பிணிகளுள் புகைபிடிப்பவர்களிடையே குறைப்பிரசவம் குறைந்தது. ஆனால், கர்ப்பகாலக் கவனிப்பு ஏற்கெனவே எல்லோருக்கும் கிடைத்துவந்த இங்கிலாந்தில் அதே முறையைச் சோதித்தபோது, புகைப்பழக்கத்திலோ குழந்தையின் பிறப்பு எடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்த குறைந்தது எட்டுக் கர்ப்பகாலப் பரிசோதனைச் சந்திப்புகளுக்கு வீட்டு வருகை துணையாகலாம். ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

ஆகவே, இத்திட்டங்களை நடத்துவோர் வருகைப் பதிவேட்டில் இரண்டு கட்டங்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பது ஒன்று, வீட்டார் அருகில் இல்லாமல் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச முடிந்ததா என்பது மற்றொன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்