வாலை வெட்டாமல் படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புரொப்பல்லர் விமானம் ஒன்றின் படத்தை நாளிதழில் போடும்போது இடம் பத்தவில்லை என்றால், முதலில் வெட்டுப்படுவது வால்பக்கம்தான். மூக்கும் இன்ஜினும் படிக்கட்டில் நின்று கையசைக்கும் தலைவரும் தப்பிவிடுவார்கள். பதிவு எண்ணோ வால் துடுப்பிலும் உடலின் பின்பாதியிலும் எழுதியிருக்கும். இந்திய விமானமென்றால் விடி என்று தொடங்கும் அந்த ஐந்து ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அந்த விமானம் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, யார் யாரிடம் இருந்தது, எங்கே முடிந்தது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அவை போய்விட்டால் அது யாரோ ஏதோ ஒரு விமானத்தில் வந்திறங்கிய படம், அவ்வளவுதான். தயவுசெய்து வாலை விட்டுவைத்துப் படம் போடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். பழைய விமானங்களைப் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சில பிழைகளையும் இதோடு சொல்லிவிடுகிறேன்.

முதல் பிழை, மேலே பூசியிருக்கும் எண்ணை வைத்தே ‘இது அந்த விமானம்தான்’ என்று முடிவுகட்டுவது. பதிவு எண் என்பது லாரியின் நம்பர் பிளேட் மாதிரி. ஆள் மாறினால், நாடு மாறினால் அதுவும் மாறலாம். மாறாமல் இருப்பது, சேசிஸ் எண்ணைப் போல, தொழிற்சாலை கொடுத்த தயாரிப்பு எண் மட்டுமே. 2018-இல் இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு இந்திய விமானப் படைக்கு வந்து சேர்ந்த ‘பரசுராமா’ என்ற, டகோட்டா வகை இரட்டை இன்ஜின் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விபி 905 என்று எழுதியிருக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. அந்த நிகழ்வைப் போற்றும் விதமாகப் பூசப்பட்டது. ஆனால் இப்போது நம்மிடம் இருக்கும் விமானம் பிரிட்டிஷ் விமானப் படையில் கேஎன் 397 ஆகவும், பிறகு பிரிட்டிஷ் சிவில் பதிவில் ஜி-ஏஎம்எஸ்வி ஆகவும் இருந்த வேறொரு டகோட்டா. ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானம் திரும்பி வந்தது என்று எழுதினால், மரியாதைக்காகச் செய்த ஒன்று வரலாற்றுப் பிழையாகிவிடுகிறது. இரண்டு விமானங்களின் கதையும் கெட்டுப்போகிறது.

அந்த விமானத்தின் தயாரிப்பு எண் 16072/32820. இதைப் பார்த்து இரண்டு விமானங்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. டக்ளஸ் நிறுவனத்தின் ஓக்லஹோமா சிட்டி தொழிற்சாலையில் செய்த சி-47 (டகோட்டாவின் அமெரிக்க ராணுவப் பெயர்) விமானங்களுக்கு இரண்டு வரிசைகளில் எண் விழுந்தது. ஒரு பட்டியலில் முதல் எண்ணும் இன்னொரு பட்டியலில் இரண்டாவது எண்ணும் இருக்கும். இரண்டையும் தனித்தனி விமானங்களாக எண்ணிக் கணக்கைக் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு. அதே நிறுவனத்தின் லாங் பீச் தொழிற்சாலையில் செய்தவற்றுக்கு ஒரே எண்தான்.

நாடு பெயர் மாறினாலும், பதிவு முறை மாறினாலும் ஒரே விமானத்துக்குப் பல எழுத்துகள் வரும். இலங்கை இதற்கு நல்ல உதாரணம். 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்து ஏர் சிலோன் தன் சேவையைத் தொடங்கியபோது அங்கே பதிவு எண்கள் விபி-சி என்று ஆரம்பித்தன. பிறகு அது சிஒய் ஆயிற்று. அதன்பின் இன்றுள்ள 4ஆர். சீதா தேவி, விஹாரமகா தேவி, சுநேத்ரா தேவி என்ற அந்த முதல் மூன்று டகோட்டாக்களைத் தேடுகிறவர்கள் ஒரு எழுத்து வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வழியில் தடம் விட்டுப்போகும். இன்றைக்கு விபி-சி என்று பார்த்தால் அது கேமன் தீவுகளின் எழுத்து. மலாயாவும் சிங்கப்பூரும் விஆர்-ஆர், விஆர்-எஸ் என்பவற்றை விட்டு 9எம், 9வி என்று போனதும் இதே கதைதான். அமெரிக்காவிலோ, ஒரு விமானம் பதிவிலிருந்து நீங்கிய பிறகு அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுப்பது உண்டு. அதனால் பதிவு எண்ணைக் குறிக்கும்போது தேதியையும் சேர்த்துக் குறிக்காவிட்டால் அந்தக் குறிப்பால் பயனில்லை.

தயாரிப்பு எண்ணை எங்கே தேடுவது? காக்பிட்டுக்குள்ளோ அதை ஒட்டிய தடுப்பிலோ ரிவெட் அடித்த சின்ன உலோகத் தகடு இருக்கும். கைவிடப்பட்ட விமானத்தில் முதலில் களவுபோவதும் அதுதான். தகடு இல்லாவிட்டால் கருவிப் பலகையைப் பாருங்கள். வானொலியில் தன் அழைப்புக் குறியைச் சொல்ல விமானிக்கு உதவியாகப் பதிவு எண்ணை அங்கே ஒட்டியோ பொறித்தோ வைப்பது வழக்கம். அடுத்தது பெயின்ட். விமானத்தின் உடலில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில், தோலை உரசுகிற மாதிரிச் சாய்த்து அடித்தால், பழைய எழுத்துகளின் விளிம்பு மேல்பூச்சுக்கு அடியில் மேடாகத் தெரியும். இரவில் ஒரு டார்ச் லைட் போதும். அதற்கும் தெரியாவிட்டால், உள்ளங்கை அகல இடத்தில் 400-ஆம் நம்பர் தண்ணீர்த் தாளால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரம் வைத்து மெதுவாகத் தேய்த்தால், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதைப் போல ஒவ்வொரு பூச்சும் வளையமாக வெளிவரும். ஒவ்வொரு வளையமும் ஒரு உரிமையாளர். மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டு நிறுத்திவிட வேண்டும். மொத்தப் பெயின்ட்டையும் ரசாயனம் போட்டு உரித்துவிட்டுப் புதுசாகப் பூசுகிறவர்கள் இதை ஒருமுறையாவது செய்த பிறகு உரிக்க வேண்டும். உரித்தபின் தேடிப் பயனில்லை.

இன்ஜின் எண்ணை வைத்து விமானத்தை அடையாளம் காண முடியாது. டகோட்டாவின் பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் இன்ஜின் ஓவர்ஹாலுக்காகக் கழற்றப்பட்டால் திரும்ப அதே விமானத்தில் ஏறும் என்ற உறுதி இல்லை. புரொப்பல்லரும் அப்படியே. வெளி இறக்கைகளும் போல்ட்டில் பிடித்திருப்பவை, ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் மாட்டியது சகஜம். கதவுகளிலும் இன்ஜின் மூடிகளிலும் உள்ளே வேறு விமானத்தின் எண் எழுதியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நடு உடல் எதுவோ, அதுதான் விமானம்.

காகிதங்களுக்கு வருவோம். விமானத்துக்கு ஒரு லாக் புத்தகம், ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்று, ஒவ்வொரு புரொப்பல்லருக்கும் ஒன்று என்று தனித்தனியாக உண்டு. உடலைக் காயலான் கடைக்காரர் எடுக்கும்போது இவை பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடுகின்றன. போர்க்காலத்தில் செய்த சி-47-களுக்கு அமெரிக்க ராணுவம் தனித்தனி அட்டை வைத்திருந்தது. ஒப்படைத்த தேதி, அனுப்பிய இடம் எல்லாம் சுருக்கக் குறியீடுகளில் இருக்கும். பிரிட்டிஷ் விமானப் படை வைத்திருந்தது 78-ஆம் எண் படிவம். சிவில் வாழ்க்கைக்குப் பதிவேடுதான் ஆதாரம். பதிவேட்டில் ஒரு பொறி இருக்கிறது. ‘பதிவு நீக்கம்’ என்று போட்டிருக்கும் தேதி விமானம் உடைக்கப்பட்ட தேதி அல்ல. பறப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்து எழுத்தர் ஒருவர் கோப்பை மூடிய தேதியாக அது இருக்கலாம். ‘வெளிநாட்டுக்கு விற்கப்பட்டது’ என்று எழுதியிருந்தும் இருந்த இடத்தைவிட்டு நகராத விமானங்கள் உண்டு. ‘பயன்பாட்டிலிருந்து நீக்கம்’ என்றால் அது முடிவே அல்ல, பிறகு என்ன ஆயிற்று என்று தேட வேண்டும் என்றே பொருள்.

இந்தியாவில் இந்தத் தேடல் கடினமாக இருப்பதற்குக் காரணம் எண்ணிக்கை. போர் முடிந்ததும் உபரியான டகோட்டாக்கள் விற்பனைக்கு வந்தன, பல பெங்களூரு ஹிந்துஸ்தான் தொழிற்சாலையில் பயணிகளுக்காக மாற்றி அமைக்கப்பட்டன. 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டு கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் தொடங்கியபோது அதன் கையில் 74 டகோட்டாக்கள் இருந்தன. கம்பெனி மாறியபோதும் பதிவு எண் மாறவில்லை என்பது நமக்குக் கிடைத்த நன்மை.

ஒடிசாவில், விமானியும் முன்னாள் முதல்வருமான பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் டகோட்டா விடி-ஏயூஐ இதே போலப் பார்க்க வேண்டிய ஒன்று. பல ஆண்டுகள் கொல்கத்தா விமான நிலையத்தில் கிடந்ததைப் பிரித்து, 2023 ஜனவரியில் லாரிகளில் ஏற்றிப் புவனேஸ்வருக்குக் கொண்டுபோனார்கள். 95 அடி அகல இறக்கையைச் சாலையில் கொண்டுபோகப் பிரித்தே ஆக வேண்டும், சரிதான். ஆனால் அவர் செய்த சாகசப் பயணம் ஒவ்வொன்றையும் இந்த ஒரு விமானத்தின் கணக்கில் எழுதும் முன், அந்தந்தத் தேதியில் எந்தப் பதிவு எண் பறந்தது என்று பார்ப்பதே அவருக்கும் மரியாதை. 1947 ஜூலை 29 அன்று சிங்கப்பூரிலிருந்து மருந்துகளோடு போய் யோக்யகர்த்தாவில் டச்சுப் போர் விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்ட விடி-சிஎல்ஏ வேறு விமானம்.

படத்தில் வால் இல்லாவிட்டாலும் வகையையாவது சரியாகச் சொல்லலாம். இரட்டை இன்ஜின் பயணிகள் விமானங்களான ஆவ்ரோவும் ஃபோக்கரும் அடிக்கடி மாறிப்போகின்றன. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருந்தால் ஃபோக்கர், கீழே இருந்தால் ஆவ்ரோ. மூன்று வால் துடுப்பு என்றால் கான்ஸ்டலேஷன். நான்கு இன்ஜினும் பெரிய முட்டை வடிவ ஜன்னலும் இருந்தால் வைக்கவுன்ட். டகோட்டாவில் இடப்பக்கம் பின்னால் அகலமான சரக்குக் கதவின் கோடு தெரிந்தால், அது போருக்காகப் பிறந்து பிறகு பயணிகளை ஏற்றியது. ஓட்டை பஸ்ஸை டகோட்டா என்று சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஊர் ஊராக மக்களைச் சுமந்த விமானம் அது.

வகை தெரிந்தால் எவ்வளவு உதவும் என்பதற்கு ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் உள்ள மோன் பிளாங் மலையே சாட்சி. ஏர் இந்தியாவின் கான்ஸ்டலேஷன் ‘மலபார் பிரின்சஸ்’, விடி-சிக்யூபி, 1950 நவம்பர் 3 அன்று அங்கே மோதி 48 பேர் இறந்தார்கள். 1966 ஜனவரி 24 அன்று ஏறக்குறைய அதே இடத்தில் போயிங் 707 ‘காஞ்சன்ஜங்கா’ மோதியது. அடியில் இருக்கும் போசோன் பனியாறு இரண்டின் துண்டுகளையும் இன்றுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. காற்றில் குளிர்வதற்கான தகடுகள் அடுக்கிய சிலிண்டரோ புரொப்பல்லர் இதழோ வந்தால் அது 1950. ஜெட் இன்ஜினின் டர்பைன் துண்டு என்றால் 1966. 2020-இல் பனியிலிருந்து கிடைத்த, இந்திரா காந்தி பிரதமரான செய்தி உள்ள நாளிதழ்கள் இரண்டாவது விபத்தைச் சேர்ந்தவை. இறந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கும்போது, கிடைத்த பொருளை மாற்றிச் சொல்வது சின்ன விஷயமல்ல.

நம் மலைகளிலும் இப்படி விழுந்தவை உண்டு. 1950 டிசம்பர் 13 அன்று பம்பாயிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்த ஏர் இந்தியா டகோட்டா விடி-சிஎஃப்கே கோத்தகிரி அருகே மலையில் மோதி, இருந்த 21 பேரும் இறந்தனர். இறந்தவர்களில் ஒருவர் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்ட். போரில் திரும்பி வந்த விமானங்களில் குண்டு பட்ட இடங்களை மட்டும் பார்க்காதீர்கள், திரும்பி வராதவற்றை நினையுங்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். 1971 டிசம்பர் 9 அன்று மதுரைக்கு இறங்கிக்கொண்டிருந்த ஆவ்ரோ விடி-டிஎக்ஸ்ஜி சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தனர், 10 பேர் பிழைத்தனர். காட்சியில் நிற்கும் விமானங்களுக்கு மட்டும் வரலாறு எழுதினால் இவை விட்டுப்போகும். அந்த நாட்களின் உள்ளூர்ச் செய்தியும் படமும் பழைய நாளிதழ்க் கட்டுகளில்தான் இருக்கின்றன. உங்கள் அலுவலகக் கட்டுகளிலும் இருக்கலாம்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு கோரிக்கைகள். காட்சிக்கு வரும் பழைய விமானத்தைப் பற்றி எழுதும் நிருபரிடம், தகட்டில் உள்ள எண் என்ன என்று பொறுப்பாளரைக் கேட்டு அதையும் அச்சிடச் சொல்லுங்கள். பழைய படங்களைப் போடும்போது, படக் களஞ்சியத்தில் இருக்கும் முழுப் படத்தை ஒருமுறை பார்த்து, அச்சில் வால் வராவிட்டாலும் பதிவு எண்ணைப் படக்குறிப்பில் சேருங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டு ஆல்பத்தில் மீனம்பாக்கத்திலோ யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலோ எடுத்த படம் இருந்தால், பசையிலிருந்து பிய்க்காமல் ஆல்பத்தோடு வைத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் இருந்தால் அதை 2400-இல். பின்பக்க எழுத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள், புதிதாக எழுதுவதென்றால் பேனா வேண்டாம், மென்மையான பென்சில். மங்கலான படத்தில் சி, ஜி, ஓ மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஈ-யும் எஃப்-பும் அப்படியே. ஊகித்து ஒன்றை எழுதிவிடாமல், சந்தேகமான எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டு வையுங்கள். இறக்கையின் அடிப்பகுதி படத்தில் தெரிந்தால் அங்கேயும் பாருங்கள், அதே எண் அங்கே இன்னும் பெரிதாக எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
மீனம்பாக்கம், சென்னை.