அலையோரம் பைக் ஓட்டச் சொன்ன வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் தரங்கம்பாடியை ஒரே நாளில் பைக்கில் சுற்றுவது பற்றிய கட்டுரை கண்டோம். எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. படமெல்லாம் பிரமாதம். நடுவில் ஒரு வரி: 'வண்டியை அப்படியே மணலில் இறக்கி, அலை டயரை நனைக்க நனைக்க ஓட்டிப் பாருங்கள், சொர்க்கம்!' அந்தச் சொர்க்கத்துக்குப் போனவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் எங்கள் பட்டறை. ஆகவே எழுதுகிறேன்.

கடல் மணலில் பின்சக்கரம் புதையும். புதைந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான், பாதி கிளட்ச்சைப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள். சக்கரம் மேலும் குழி பறிக்கும், கிளட்ச் பிளேட் கருகும் வாடை வரும். இறங்கிவிட வேண்டும். வண்டியை ஒருபக்கம் சாய்த்து, குழியை மணலால் மூடி, டயருக்கடியில் தென்னை மட்டை கொடுத்து, இரண்டாவது கியரில் மெல்ல விட, இருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். சைடு ஸ்டாண்டுக்கும் மட்டையோ பலகையோ வைக்காவிட்டால் வண்டி சாய்ந்து டேங்க் நெளியும். உங்கள் கட்டுரையாளர் எப்படி வெளியே எடுத்தாரோ! படத்தில் அவர் டயரில் ஒரு பொட்டு மணலைக்கூடக் காணோம்.

உப்புத் தண்ணீர் அன்றைக்கு ஒன்றும் செய்யாது. ஊர் திரும்பிய பிறகுதான் வேலையைக் காட்டும். செயினில் இருக்கும் ஆயிலோடு மணல் சேர்ந்தால் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் தேய்ந்து கொக்கி மாதிரி வளையும். டிஸ்க் பிரேக்கின் பேடை அழுத்தும் காலிப்பரில் உள்ள ஊசி (pin) இறுகி, பிரேக் பிடித்தால் விடாது. ஹெட்லைட்டைக் கழற்றினால் ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அன்று மாலையே, டிஸ்க் ஆறியபின், நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் கன்னை வீல் பேரிங் பக்கம் காட்டக் கூடாது, தண்ணீர் உள்ளே ஏறிவிடும். பிறகு செயினை மண்ணெண்ணெயில் துடைத்து 90 கியர் ஆயில் விட வேண்டும். இத்தனைக்கும் நாலு வரி போதும். அந்த இடத்தில் 'ஓசோன் காற்று' பற்றி ஒரு பத்தி போட்டிருக்கிறீர்கள். தரைமட்டத்து ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது என்பது தாங்கள் அறியாததல்ல.

இன்னொன்று. அந்த மணலில்தான் மீனவர்கள் வலை காயப்போடுகிறார்கள். டயர் ஏறி அறுந்த கண்ணியை யார் உட்கார்ந்து முடிவது?

உண்மையில் தரங்கம்பாடிக்குள் வண்டியே வேண்டாம். 1792-ல் கட்டிய நகர வாயிலருகே நிறுத்திவிட்டு ராஜ வீதியில் நடந்தால் 1701-ன் சீயோன் ஆலயம், 1718-ன் புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் வழியிலேயே வரும். வீதி முடியும் இடத்தில் 1620-ன் டேனிஷ் கோட்டை. அதற்கு வடக்கே, கடல் தின்றது போக மிச்சமிருக்கும் மாசிலாமணி நாதர் கோயில். அது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 'சோழர் கோயில்' என்று போட்டிருக்கிறீர்கள். டெல்டா என்றாலே எல்லாம் சோழர்தான் போலும். பைக் தேவைப்படுவது தில்லையாடிக்கும் திருக்கடையூருக்கும்தான்.

அந்தச் சாலைகளில் உள்ள ஆபத்து கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. தை, மாசி அறுவடையில் சாலையின் பாதியில் நெல் காயும். நெல்மணி மேல் முன்பிரேக்கைத் தொட்டால் பேரிங் குண்டு மேல் பிரேக் போட்ட மாதிரி, வண்டி படுத்துவிடும். நெல்லுக்கு முன்பே கியரைக் குறைத்து, சாய்க்காமல் நேராகப் போக வேண்டும். வைக்கோல் பின்சக்கர அச்சில் சுற்றிக்கொண்டால் இழுத்துப் பார்க்காமல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும்.

இது முதல் தடவையானால் பொறுத்திருப்பேன். முன்பொரு இதழில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலேறச் சொன்னீர்கள். 1926-ல் வந்த அந்த ரயில் 1986-லேயே நின்றுவிட்டது. இன்னொரு இதழில், தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்குவை டென்மார்க்காரர் ஆக்கினீர்கள். டென்மார்க் அரசர் அனுப்பி 1706-ல் வந்திறங்கினாரே தவிர, அவர் ஜெர்மானியர். இப்போதும் கட்டுரைத் தலைப்பில் 'நாகை மாவட்டம்' என்றே இருக்கிறது. மயிலாடுதுறை தனி மாவட்டமாகி, 2020 டிசம்பர் முதல் எங்கள் ஆதார் அட்டையை நாங்கள்தான் திருத்திக்கொண்டு அலைகிறோம். ஒவ்வொரு தடவையும் கடிதம் போட்டேன். சென்னைக்குத் தபால் போய்ச் சேருவதில் ஏதோ சிக்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இணைப்பில், சிறிய எழுத்தானாலும் சரி, 'மணலில் வண்டியை இறக்க வேண்டாம்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்,
பொறையாறு.